மாறா அமுக்கத்தில் ஒரு பெண் பார்க்கும் படலம்

நான் ஒருநாளும் என்னை என்ஜினியர் என்று சொல்லிக்கொண்டதில்லை. மற்றவர்கள் சொன்னபோது மறுக்கவில்லை, அவ்வளவுதான். இந்த இரண்டுக்கும் இடையில் மலையளவு வித்தியாசம் இருப்பதாக இருபத்தொன்பது வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை என்பதை ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை, இல்ஃபோர்டில், யாரோ ஒருவருடைய குசினியில், சட்டிபானை அலுமாரிக்குள் தலையை விட்டபடி அறிந்துகொண்டேன்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் வீட்டைச் சூடாக்கும் பொயிலர் நின்றுபோனால் வீடு ஐஸ்பெட்டியாகிவிடும். அப்போது பையோடு வந்து, முழங்காலில் நின்று, பெருமூச்சு விட்டு (பெருமூச்சு முக்கியம்; அதைக் கேட்டால்தான் வீட்டுக்காரருக்கு நம்பிக்கை வரும்) அதைத் திருத்துகிறவனுக்கு இந்த நாட்டில் 'கேஸ் என்ஜினியர்' என்று பெயர். என் அடையாள அட்டையில் அப்படித்தான் இருக்கிறது. என் வெள்ளை வானின் இரண்டு பக்கங்களிலும் நீல எழுத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. மாலை வகுப்பில் இரண்டு வருடம் குழாய் வெட்டவும் பொருத்தவும் கசிவு பிடிக்கவும் படித்தேன். பாலம் கட்டச் சொல்லி என்னை யாரும் கேட்டதில்லை, கேட்டாலும் கட்டியிருக்கமாட்டேன்.

அப்போது நான் வால்தம்ஸ்டோவில் அக்கா வீட்டில் இருந்தேன். எனக்குப் பெண் தேடும் பொறுப்பை அக்கா தானாகவே எடுத்துக்கொண்டு, ஒரு கலியாணத்தில் அறிமுகமான இல்ஃபோர்ட் குடும்பம் ஒன்றுக்குத் தொலைபேசி எடுத்தாள். தம்பி கேஸ் என்ஜினியர் என்றாளாம். மறுமுனையில் குரலில் உடனே மரியாதை ஏறியதாம். பிறகு பெண்ணின் தகப்பனார், "வாயுக்களிலயோ ஸ்பெஷலைஸ் பண்ணினவர்?" என்று மெல்லக் கேட்டாராம். அக்கா ஒரு கணம் யோசித்துவிட்டு ஓம் என்றிருக்கிறாள்.

நான் அக்காவிடம் சண்டைக்குப் போனேன்.

"நான் என்ன பொய்யே சொன்னனான்?" என்றாள் அக்கா. "நீ கேஸிலதானே வேலை செய்யிறாய். தண்ணியிலயோ?"

தண்ணீரிலும்தான் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், அவர்களுக்கு அனுப்பிவிட்ட என் சி.வி.யைக் காட்டினாள். அதை வாசித்தபோது எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது. 'வெப்ப அமைப்புகள் தொடர்பாக லண்டன் முழுவதும் நேரடிக் கள ஆய்வு' என்று ஒரு வரி இருந்தது. (வீடு வீடாகப் போவதைத்தான் சொல்லியிருந்தாள்.) 'வாயுக்களின் பாதுகாப்பில் விசேட அனுமதி பெற்றவர்' என்று இன்னொரு வரி. ஒரு சொல்லும் பொய் இல்லை. எல்லாம் சேர்ந்துதான் பொய்யாக இருந்தது.

அன்றைக்கே நான் தொலைபேசியை எடுத்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கா அடுத்ததாகப் பெண்ணின் படத்தைக் காட்டினாள். பெயர் தாரணி. ஒரு பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புகளுக்குப் பௌதிகம் படிப்பிக்கிறாள். அந்தப் படத்தில், எதிரில் நிற்பவர் செய்யப்போகும் முட்டாள்தனத்தை ஏற்கெனவே அறிந்தவள் போல ஒரு பக்கத்துக் கண்ணைச் சற்றுச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் தொலைபேசியை எடுக்கவில்லை.

புதன்கிழமை பெண்ணின் தகப்பனார், கனகரத்தினம் அங்கிள், அக்காவை அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை வரும்போது தம்பியோடு சி.பி., சி.வி. பற்றிக் கொஞ்சம் ஆறுதலாகக் கதைக்க விருப்பம் என்றார். அக்கா சரி சரி என்று வைத்துவிட்டு, சி.வி.யை இன்னொரு முறை அனுப்பினாள். பிறகு நான் வேலையால் வந்ததும், "சி.பி. எண்டால் என்னடா? படமோ?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. சாதிச் சான்றிதழோ, பொலிஸ் அறிக்கையோ என்று இருவரும் குழம்பினோம். கடைசியில் அக்காவின் வாட்ஸ்அப்பில் அங்கிளே விளக்கம் அனுப்பியிருந்தார்: 'மாறா அமுக்கத்திலும் மாறாக் கனவளவிலும் வாயுக்களின் தன்வெப்பம். எனக்கு மிகப் பிடித்தமான விடயம்.'

அக்காவின் முகத்தில் முதல்முறையாகக் கவலையைக் கண்டேன். நான் பௌதிகத்தை விட்டு ஓடிய ஆள். பதினாறு வயதில் அதுவும் நானும் பிரிந்தபோது இரண்டு பக்கத்திலும் வருத்தம் இருக்கவில்லை.

மூன்று நாள் கிடந்தது. மதிய இடைவேளைகளில் வானுக்குள் இருந்து, ஒரு கையில் மீன் பணிஸும் மறு கையில் நூலகப் புத்தகமுமாகப் படித்தேன். விசயம் நான் பயந்த அளவுக்கு இல்லை. ஒரு கிலோப் பொருளை ஒரு பாகை (டிகிரி) சூடாக்கத் தேவையான வெப்பம்தான் தன்வெப்பம். ஒரு போத்தலுக்குள் வாயுவை அடைத்து, மூடியை இறுக்கிவிட்டுச் சூடாக்கினால், கொடுத்த வெப்பம் முழுவதும் வாயுவின் சூட்டை ஏற்றுவதற்கே போகும். இது மாறாக் கனவளவு, சி.வி. அதே வாயுவை, மேலே எழும்பக்கூடிய ஒரு மூடி போட்டுச் சூடாக்கினால், வாயு விரிந்து மூடியைத் தூக்கும். தூக்குவது வேலை, அதற்கும் கொஞ்ச வெப்பம் செலவாகும். ஆகவே அதே ஒரு பாகை சூடு ஏற்ற, கூடுதலான வெப்பம் கொடுக்கவேண்டும். இது மாறா அமுக்கம், சி.பி. எனவே சி.பி. பெரியது, சி.வி. சின்னது. அவ்வளவுதான் சங்கதி.

விளங்குவது வேறு, சபையில் நினைவுக்கு வருவது வேறு என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன்: 'பி எண்டால் பெரிசு.' இதைவிட எளிதாக ஒன்று இருக்க முடியாது. வால்தம்ஸ்டோவிலிருந்து இல்ஃபோர்ட் போகும் வழி முழுவதும் பி பெரிசு, பி பெரிசு என்று முணுமுணுத்துக்கொண்டே வான் ஓட்டினேன்.

ஓம், வானில்தான் போனோம். அத்தானுக்கு அன்று ஷிப்ட். காரை அவர் கொண்டுபோய்விட்டார். பட்டுச்சீலை உடுத்த அக்கா, செப்புக் குழாய்களுக்கும் பசை டின்களுக்கும் முன்னால், ஒரு பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, தேர்போல இருந்து வந்தாள். வானின் இரண்டு பக்கத்திலும் என் குட்டு நீல எழுத்தில் எழுதியிருந்ததால் அவர்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி நிறுத்தினோம். தூறிக்கொண்டிருந்தது. அக்கா சீலையை ஒரு கையால் தூக்கி, பழத்தட்டை மறுகையால் பிடித்து, என்னைத் திட்டியபடியே நடந்தாள். வழியில் பால் போத்தலோடு போன ஒரு பெண் தொப்பிக் கோட்டுக்குள் இருந்து எங்களையும் வானையும் திரும்பிப் பார்த்தாள். பட்டுச்சீலையோடு வேலை வானிலிருந்து இறங்கினால் யாரும்தான் பார்ப்பார்கள் என்று நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் தெரிந்தது குளிர். தாரணியின் தாய் (அப்போது எனக்கு அன்ரி) சீலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். அங்கிள் வெள்ளைச் சேர்ட்டுக்கு மேல் மப்ளர் சுற்றியிருந்தார். மன்னிக்கவேண்டும், பொயிலர் இரண்டு நாளாக வேலை செய்யவில்லை என்றார். பற்றவைத்தால் கொஞ்ச நேரத்தில் அமுக்கமானியின் முள் விறுவிறுவென்று ஏறுகிறதாம். பிறகு வெளிச்சுவரில் ஒரு குழாயால் தண்ணீர் கொட்டுகிறதாம். ஆறினதும் முள் அடியில் விழுந்து, பொயிலர் நின்றுவிடுகிறதாம். காலையில் மறுபடி தண்ணீர் நிரப்பி முள்ளை ஏற்றினாராம், ஆனால் பற்றவைக்கப் பயமாம். ஆளுக்குச் சொல்லியிருக்கிறது, செவ்வாய்க்கிழமைதான் வருவானாம்.

அன்ரி ஒரு படி மேலே போனார். உந்தப் பொயிலர்காரங்கள் எல்லாம் கள்ளர், பெருமூச்சு விடுறதைத் தவிர ஒண்டும் தெரியாது என்றார். நான் ஓம் அன்ரி என்று தலையாட்டினேன்.

எனக்குக் கை அரித்தது. அவர் சொன்ன மூன்று வசனத்திலேயே நோய் இன்னதென்று பிடிபட்டுவிட்டது. சூடாகும் தண்ணீர் விரியும். விரிகிற தண்ணீருக்கு இடம்கொடுக்க, குழாய்த் தொகுதியில் பூசணிக்காய் அளவில் ஒரு சிவப்பு இரும்புக் குண்டு பூட்டியிருப்பார்கள். அதற்குள் ஒரு ரப்பர் தோல், தோலுக்கு ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. அந்தக் காற்று போய்விட்டது. அவ்வளவுதான். ஆனால் இதைச் சொன்னால் நான் யாரென்று தெரிந்துவிடும். வாயு விஞ்ஞானி ஒருவன் குளிரில் நடுங்கும் வீட்டுக்குள், மருந்தைப் பொக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு, வடை தின்றுகொண்டிருந்தான்.

தாரணி தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தாள். படத்தில் இருந்த அதே கண் சுருக்கல். நான் எழுந்து வணக்கம் சொல்லி, இருக்கப்போய், கதிரைக் கையில் இருந்து, வழுகி, சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தேன். அவள் நேராக எனக்கு எதிரில் அமர்ந்தாள்.

அங்கிள் தொண்டையைச் செருமினார். பௌதிகம்தான் தன்னுடைய பாடம் என்றும், ஊரில் பல்கலைக்கழகம் புகுவதற்கான ஏ.எல். சோதினையில் அதில் 'ஏ' எடுத்ததாகவும், நாட்டு நிலைமையால் மேலே படிக்க வாய்க்கவில்லை என்றும் சொன்னார். அந்த 'ஏ'யைப் பார்த்துத்தான் மகளும் பௌதிகம் படித்தாள் என்று அன்ரி பெருமையோடு சேர்த்துக்கொண்டார். பிறகு அங்கிள் கதிரையை என் பக்கம் இழுத்தார்.

"தம்பி, இரும்புக்கு ஒரு தன்வெப்பம். தண்ணிக்கு ஒரு தன்வெப்பம். வாயுவுக்கு மட்டும் என்னத்துக்கு ரெண்டு? அந்த ரெண்டில எது பெரிசு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா கண்ணை மூடி யாரையோ கும்பிட்டாள்.

பி எண்டால் பெரிசு. இது எனக்குத் தெரியும். நாக்கு நுனியில் நின்றது. ஆனால் அந்தப் பாழாய்ப்போன கணத்தில் மூளையின் வேறொரு மூலையிலிருந்து, பி எண்டால் பிஞ்சு என்று ஒரு குரல் வந்தது. பிஞ்சு சின்னதல்லவா. அப்போ வி? வி எண்டால் விரிவு. விரிவு பெரிசு.

"வி தான் பெரிசு, அங்கிள்."

நான் எதிர்பார்த்தது ஒரு முகச்சுளிப்பை. நடந்தது வேறு. அங்கிளின் முகம் மலர்ந்தது. சும்மா மலரவில்லை, பிணையில் வந்தவனைப் போல மலர்ந்தது. முன்னுக்குச் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, நிச்சயமாவோ என்று கேட்டார். அந்த மலர்ச்சியைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்ட நான், நூறு வீதம் அங்கிள், முந்தி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தவை, இப்ப புதுசாக் கண்டுபிடிச்சது இப்பிடித்தான் என்றேன். ஒரு விஞ்ஞானத் துறையையே தலைகீழாகப் புரட்டிவிட்டு ஒரு வடை எடுத்தேன்.

"அப்ப மூடியைத் தூக்கிற வேலைக்கு வெப்பம் எங்கயிருந்து வருது?" என்று தாரணி கேட்டாள். மிகப் பணிவான குரல். வகுப்பின் கடைசி வாங்கில் தூங்குபவனை எழுப்பிக் கேட்கும்போது ஆசிரியர்களுக்கு வரும் பணிவு.

கடித்த வடையைத் தட்டில் வைத்தேன். பிழை எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அங்கே நிறுத்தி, மன்னியுங்கோ, மாறிச் சொல்லிப்போட்டன் என்றிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. ஆனால் இருபத்தொன்பது வயது ஆண்பிள்ளை ஒருவன், படத்தைப் பார்த்தே மயங்கிய பெண்ணின் முன்னால், பிழை என்று ஒத்துக்கொள்வானா? வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டினால் விளங்கும் என்றேன். இந்த வீட்டிலேயே அதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது, அந்தப் பொயிலர் எங்கே என்றேன்.

என் திட்டத்தை நான் இன்றும் மெச்சுகிறேன். சிவப்புக் குண்டின் அடியில், சைக்கிள் ரியூப்பில் இருப்பதுபோல ஒரு வால்வு இருக்கும். அதை அமுக்கினால் மிச்சமிருக்கும் காற்று 'சூ' என்று வரும். இதுதான் அடைபட்ட வாயு, இதுதான் மாறாக் கனவளவு என்று ஏதோ நாலு வார்த்தை சொல்லிச் சமாளிக்கலாம். அதே நேரம் பொயிலரின் நோயையும், ஒரு விஞ்ஞானி தற்செயலாகக் கண்டுபிடித்ததுபோலக் கண்டுபிடித்துக் கொடுக்கலாம். பெண்ணும் கிடைக்கும், வீடும் சூடாகும்.

குசினிக்கு ஊர்வலமாகப் போனோம். மூலை அலுமாரியைத் திறந்தேன். நினைத்த இடத்தில் சிவப்புக் குண்டு. பக்கத்து மேசையில், இரண்டாம் சுற்றுக்காக அன்ரி பரப்பி வைத்த வடையும் சீனிப்பாகு பூசிய சிப்பிப் பலகாரமும் பயத்தம் பணியாரமும். அங்கிள் நன்றாகப் பார்ப்பதற்காக என் தோளுக்கு மேலால் குனிந்தார். வால்வின் பித்தளை மூடியைக் கழற்றினேன். அது கைதவறி உருண்டு ஃபிரிட்ஜுக்கு அடியில் போனது. பிறகு எடுக்கலாம் என்று, கோட்டுப் பையில் இருந்த பேனையின் முனையால் வால்வின் ஊசியை அமுக்கினேன்.

இந்த இடத்தில் என் தொழில் தெரிந்தவர்கள் வாசிப்பதை நிறுத்திக் கண்ணைப் பொத்திக்கொள்வார்கள். வேலை பழக வந்த முதல்நாளே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு: வால்வில் கை வைக்குமுன் ஒரு துணியைப் போடு. உள்ளே ரப்பர் தோல் கிழிந்திருந்தால் வருவது காற்றாக இருக்காது.

காற்றாக இருக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருடமாக இரும்புக் குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றிக் கறுத்துப்போன தண்ணீர், பேனைத் தடிப்பில், அம்பு மாதிரி வந்தது. முதலில் என் கன்னத்தை உரசிக்கொண்டு அங்கிளின் கண்ணாடியில் பட்டது. அங்கிள் விலக, கூரைக்குப் போனது. நான் பேனையை இழுக்க, முனை உடைந்து வால்வுக்குள் நின்று, ஊசி திரும்பி வரமாட்டேன் என்றது. கூரையில் பட்டது திரும்பிப் பலகாரத்தில் விழுந்தது. எங்கள் ஊர்ப் பணியாரத்துக்கு ஏற்கெனவே நல்ல நிறம் என்பதால் அதில் உடனே தெரியவில்லை. வெள்ளைச் சிப்பியில் தெரிந்தது. பொயிலர் அணைந்து கிடந்ததால் தண்ணீர் ஐஸ்போலக் குளிர்ந்திருந்தது. யாருக்கும் சுடவில்லை என்பது மட்டும்தான் அன்று எனக்குக் கிடைத்த ஒரே அதிர்ஷ்டம்.

வேறு வழி தெரியாமல் பெருவிரலை வால்வில் வைத்து அமுக்கினேன். தண்ணீர் நின்றது. விரலைச் சற்றுத் தளர்த்தினேன், மறுபடி சீறியது. அமுக்கினேன். மாறா அமுக்கம் என்றால் என்னவென்று மூன்று நாள் புத்தகத்தில் தேடியது எனக்கு அப்போது சரியாக விளங்கியது.

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கோட்டும் கழுத்துப் பட்டியுமாக அலுமாரிக்குள் பாதி நுழைந்து, முழங்காலில் நின்று, எனக்கு மிகவும் பழக்கமான அந்த நிலையில், நான் என்னையறியாமல் ஒரு பெருமூச்சு விட்டேன்.

அன்ரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒரு கணக்குச் சரிவந்தது தெரிந்தது.

இனி மறைத்துப் பயனில்லை. குழாயும் ஸ்பானரும் வேண்டும், தண்ணீரை வெளியே இறக்கினால்தான் விரலை எடுக்கலாம், வானுக்குள் பை இருக்கிறது எடுத்து வா என்று அக்காவிடம் சொன்னேன்.

"எந்த வான்?" என்றாள் அக்கா. முகத்தில் கறுப்புப் புள்ளிகளோடு, பட்டுச்சீலையில் கறுப்புக் கோடோடு, அந்த நிலையிலும் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்த வெள்ளை வான்தானே, ரெண்டு தெரு தள்ளி?" என்றாள் தாரணி. "திறப்பைத் தாங்கோ. நான் எடுத்துக்கொண்டு வாறன்."

பால் போத்தலோடு போன தொப்பிக் கோட்டுப் பெண் நினைவுக்கு வந்தாள். அவள் நாங்கள் வாசல் மணியை அடிக்கும் முன்பே எல்லாம் அறிந்திருந்தாள். நீல எழுத்தை வாசித்துவிட்டுத்தான் வந்து எனக்கு எதிரில் அமர்ந்து, தேத்தண்ணீர் தந்து, மூடியைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். நான் மற்றக் கையால் பொக்கட்டிலிருந்து வான் திறப்பை எடுத்து நீட்டினேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வாங்கிப்போனாள். வாசற்கதவு மூடியபிறகு தெருவில் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

அன்ரி, அக்காவின் சீலையைக் கழுவவென்று அவளை மேலே கூட்டிப்போய்விட்டார். (கழுவியது சீலையை மட்டும் இல்லை என்று பிறகு அறிந்தேன்.) குசினியில் நானும் அங்கிளும் தனித்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றி, மப்ளரால் துடைத்து, துடைத்ததில் இன்னும் கறுப்பாக்கி, மறுபடி போட்டுக்கொண்டார். எனக்குப் பெருவிரல் விறைத்துவிட்டது. வெட்கம் அதைவிட.

"அங்கிள், நான் நீங்கள் நினைக்கிற என்ஜினியர் இல்லை," என்றேன். "பொயிலர் திருத்துறனான். பௌதிகம் ஒண்டும் எனக்குத் தெரியாது. அந்தச் சி.வி. பெரிசு எண்டதும் பிழை."

அவர் மாடிப்படியைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு அலுமாரிப் பக்கம் குனிந்தார்.

"நானும் ஏ எடுக்கேல்லை, தம்பி."

விரல் ஒரு கணம் வழுகியது. இன்னொரு சீறல் எங்கள் இருவருக்கும் நடுவால் போய்ச் சுவரில் பட்டது.

எஃப் என்றார் அங்கிள். இரண்டாம் முறை எடுத்தும் எஃப். முதல்முறை சறுக்கியது இந்தக் கேள்வியில்தான். இரண்டில் எது பெரிது என்பதை மாற்றி எழுதி, அந்தப் பிழையின்மேல் இரண்டு பக்கக் கணக்குச் செய்திருக்கிறார். லண்டன் வந்து, கலியாணம் கட்டி, பெண் பிறந்து, அவள் ஒருநாள் கணக்கில் தடுமாறி அழுதபோது, பயப்படாதே பிள்ளை, அப்பா பௌதிகத்தில் ஏ என்று ஒரு ஆறுதலுக்குச் சொன்னது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு பௌதிக ரீச்சராகவே வந்துவிட்டாள். அதன்பிறகு வீட்டிலேயே ஒரு பௌதிக ரீச்சர் இருந்தும், அந்தக் கேள்வியை அவரால் அவளிடம் கேட்க முடியவில்லை. யாராவது வெளி ஆள் வரட்டும் என்று காத்திருந்தாராம்.

"நீர் வி பெரிசு எண்டு சொன்னவுடன எனக்கு எப்பிடி இருந்தது தெரியுமே? நாப்பது வருசத்துக்குப் பிறகு, நான் எழுதினதுதான் சரி, பேப்பர் திருத்தினவன்தான் பிழை எண்டு நினைச்சுப்போட்டன்."

அதுவரை என்னை 'நீங்கள்' என்றவர் 'நீர்' என்றதை அப்போது கவனித்தேன். மன்னியுங்கோ அங்கிள், பேப்பர் திருத்தினவர் சரி என்றேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு, இப்பவாவது சொல்லும், ஏன் அது பெரிசு என்று கேட்டார். அறையில் எல்லாருக்கும் முன்னால் கேட்ட குரல் இல்லை அது. உண்மையிலேயே தெரியாத ஒருவர் கேட்கும் குரல்.

புத்தகத்தில் படித்த ஒரு வரியும் எனக்கு வரவில்லை. கையில் இருந்ததைத்தான் சொன்னேன். இந்தக் குண்டுக்குள் காற்று மட்டும் இருக்கிறது, கீழே அடுப்பு எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் விரலை அசைக்காமல் அமுக்கிப் பிடித்தால் காற்றுக்கு வேறு வேலையே இல்லை. கொடுக்கிற சூடெல்லாம் அதற்குள்ளேயே நிற்கும், கெதியாகச் சூடேறும். நான் கொஞ்சம் கொஞ்சமாக விரலை விட்டுக்கொடுத்தால், காற்று என் விரலைத் தள்ளிக்கொண்டு விரியும். தள்ளுகிற வேலைக்கும் அதே அடுப்பிலிருந்துதான் எடுக்கவேண்டும். அப்போ அதே அளவு சூடேற, அடுப்பு கூட நேரம் எரியவேண்டாமா? அந்தக் கூடுதலால்தான் சி.பி. பெரிசு.

அங்கிள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான் அங்கிள்."

"இதுக்கோ நான் ரெண்டு தரம் சோதினை எடுத்தனான்?"

அவர் குசினி நிலத்தில், அந்தக் கறுப்புத் தண்ணீரில், சப்பணம் போட்டு அமர்ந்து சிரிக்கத் தொடங்கினார். எனக்கும் சிரிப்பு வந்தது; ஆனால் சிரித்தால் விரல் ஆடும், விரல் ஆடினால் தண்ணீர் சீறும், ஆகவே நான் சிரிக்க அவர் நனைய, அவர் நனைய நான் சிரிக்க, தாரணி பையோடு திரும்பி வந்தபோது இரண்டு ஆண்பிள்ளைகள் காரணமில்லாமல் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தோம். அவள் எந்தச் சைஸ் ஸ்பானர் என்று மட்டும் கேட்டாள்.

தண்ணீரை இறக்கி, விரலை எடுத்து, நிலத்தைத் துடைத்துவிட்டு நாங்கள் கிளம்பினோம். பழத்தட்டு மட்டும் அங்கே தங்கியது. திரும்பும் வழி முழுவதும் அக்கா நனைந்த சீலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே வந்தாள். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பயணம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அடுத்தநாள் காலை, கோட்டு இல்லாமல், வேலை உடுப்போடு, வானை அவர்கள் வாசலிலேயே நிறுத்தி, புதுக் குண்டு ஒன்றைப் பூட்டிக் கொடுத்தேன். இந்த முறை துணி போட்டேன். வீடு சூடேறியதும் அன்ரி கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு, எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பெருமூச்சு விடாமலும் வேலை செய்யத் தெரியும்போல என்றார். கலியாணத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. நான் கதை முடிந்தது என்றே வால்தம்ஸ்டோ திரும்பினேன்.

நாலாம் நாள் அக்காவுக்குத் தொலைபேசி வந்தது. பெண்ணுக்குச் சம்மதமாம். ஏன் என்று தாய் கேட்டதற்குத் தாரணி சொன்ன காரணம் எனக்குப் பின்னாலேதான் தெரியவந்தது: "அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது, அம்மா. சொன்னால் உடன பிடிபட்டிடுவார். அது எனக்கு வசதி."

கலியாணமாகி எட்டு வருடம். வசதியாகத்தான் இருக்கிறது, அவளுக்கு.

தகப்பனின் எஃப் விசயத்தை நான் ஒரு வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். ஒருநாள் தாங்காமல் மனைவியிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவே இல்லை. அந்தச் சோதினைப் பெறுபேற்றுத் தாள் வீட்டுப் பத்திரங்களோடு ஒரே ஃபைல் கோவைக்குள்தான் இருக்கிறதாம். பத்து வயதிலேயே பார்த்துவிட்டாளாம். பிறகு ஏன் பௌதிகம் படித்தாய் என்று கேட்டேன். அப்பாவுக்கு விளங்காத பாடம் அப்படி என்ன பாடம் என்று பார்க்கத்தான் என்றாள். இதை எழுதுவதற்கு, இப்போது மாமாவாகிவிட்ட அங்கிளிடம் அனுமதியும் கேட்டேன். எழுதும், ஆனால் ஏ எண்டு போடும் என்றார். போட்டிருக்கிறேன்: அவர் ஏ என்று சொன்னார் என்று.

இப்போது ஒரு கலியாண வீடு, ஒரு பிறந்தநாள் என்றால், சாப்பாடு முடிந்ததும் யாராவது அந்தக் கதையைச் சொல்லுங்கோ என்று மாமாவைக் கேட்பார்கள். அவர் எழும்பி நின்று சொல்வார். அவருடைய கதையில் தண்ணீர் கூரையில் துளை போடும், மாமியின் பலகாரம் ஒரு மேசை அல்ல மூன்று மேசை. ஓரிடத்தில் நிறுத்தி, "தம்பி, எது பெரிசு?" என்று என்னைப் பார்ப்பார். நான் எழும்பி, பெருவிரலை உயர்த்தி, "வி தான் பெரிசு, மாமா" என்று சொல்லவேண்டும். மண்டபம் சிரிக்கும். என் அக்கா எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரிப்பாள். பிறகு மாமா என்னைத் திருத்துவார். ஒரு குண்டு, ஒரு அடுப்பு, ஒரு விரல் என்று, ஒரு சொல் தவறாமல், ஏன் சி.பி.தான் பெரிது என்று சபைக்கு விளங்கப்படுத்துவார். கடைசி வாங்கில் இருந்து என் மனைவி, பௌதிக ரீச்சர், ஒரு பிழை அகப்படுமா என்று ஒவ்வொரு முறையும் காது கொடுத்துக் கேட்கிறாள். இதுவரை அகப்படவில்லை. முடிந்ததும் முதலில் கைதட்டுவது அவள்தான்.